உங்களுக்குத் தெரியுமா? மாத்திரை தொண்டையைத் தாண்டிய பிறகு...

தமிழில் ‘மருந்து’ என்ற சொல்லுக்குத்தான் எத்தனை முகங்கள்! காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, பயிருக்கு அடிப்பதும் மருந்து, பட்டாசுக்குள் அடைப்பதும் மருந்து. கிரேக்கர்களும் இப்படித்தான். அவர்களுடைய ‘பார்மகோன்’ மருந்தையும் குறிக்கும், நஞ்சையும் குறிக்கும். பார்மசி, பார்மகாலஜி எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. ஒரு பொருளை நஞ்சாக்குவது அதன் அளவுதான் என்று 16ஆம் நூற்றாண்டிலேயே அடித்துச் சொன்னவர் பாராசெல்சஸ் என்ற சுவிஸ் மருத்துவர். அளவோடு வழியையும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டால் மருந்தியலின் பாதி வந்துவிடும்.

டாக்டர் எழுதுகிறார், மருந்தாளுநர் எடுத்துத் தருகிறார். நோயாளியின் உடலுக்குள் மருந்தை அனுப்பும் கடைசிக் கை செவிலியருடையது. அந்தக் கைக்குப் பழகிக்கொண்டிருக்கும் நர்சிங் பிள்ளைகளுக்காக இந்தத் துணுக்குகள்.

நாக்குக்கு அடியில் வெடிமருந்து

நெஞ்சுவலிக்காரரின் நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், டைனமைட்டில் இருக்கும் அதே நைட்ரோகிளிசரின்தான். நீலகிரி அரவங்காட்டுத் தொழிற்சாலை தன் பெயரிலேயே தாங்கியிருக்கும் கார்டைட் வெடிமருந்திலும் அது உண்டு. டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்பிரட் நோபலுக்கே, கடைசிக் காலத்தில் இதய நோய் வந்தபோது மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தது நைட்ரோகிளிசரின்.

அதை ஏன் விழுங்கக் கூடாது? குடலில் உறிஞ்சப்பட்ட மருந்து பொதுவாக நேராக இதயத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். அந்த ஒரே பயணத்தில் இந்த மருந்தின் பெரும்பகுதி சிதைந்துவிடும். நாக்கின் அடியில் ஓடும் சிரைகளோ கல்லீரலைத் தொடாமலே இதயம் போய்ச் சேர்கின்றன. அதனால்தான் ஓரிரு நிமிடங்களில் வலி குறையத் தொடங்குகிறது. நம் வார்டுகளில் அதிகம் புழங்கும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் மாத்திரைக்கும் இதே கணக்குதான்.

மாத்திரை வைக்கும் முன் நோயாளியை உட்கார வையுங்கள். ரத்தக் குழாய்கள் சட்டென்று விரியும்போது பி.பி. இறங்கும், நின்றிருந்தால் விழுந்துவிடுவார். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாபில் சாப்பிட்டாரா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் பி.பி. அதலபாதாளத்துக்குப் போகும்.

திங்கட்கிழமைத் தலைவலி

அந்தக் கால வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்களுக்குத் திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் தலை பிளக்கும். செவ்வாய், புதனில் வலி அடங்கிவிடும். ஞாயிறு விடுமுறை கழிந்து திங்கள் வந்தால் மறுபடியும் பிளக்கும். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஏறிய நைட்ரோகிளிசரினுக்கு உடல் ஓரிரு நாளில் பழகிவிடுகிறது, விடுமுறையில் அந்தப் பழக்கம் கலைந்துவிடுகிறது. இதய நோயாளிக்கும் இதுவே நடக்கும். இருபத்துநான்கு மணி நேரமும் ரத்தத்தில் நைட்ரேட் இருந்தால் மருந்து வேலை செய்யாமல் போகும். நைட்ரேட் மாத்திரையைக் காலை 8 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் என்று எழுதி, இரவைக் காலியாக விடுவது இதற்காகத்தான். ‘இரண்டு வேளை என்றால் காலையும் இரவும்தானே’ என்று நாமாக மாற்றினால், உடலுக்கு நாம் தர வேண்டிய விடுமுறையைப் பறித்துவிடுகிறோம்.

கல்லீரல் வாங்கும் சுங்கம்

புரோபிரனலால் ஊசியாகப் போட்டால் 1 மி.கி. அளவிலேயே வேலை நடக்கும். மாத்திரையாகக் கொடுக்கும்போது 40 மி.கி. எழுதுகிறார்கள். இடையில் காணாமல் போவது கல்லீரல் எடுத்துக்கொள்ளும் பங்கு. மார்பினுக்கு இது ஏறத்தாழ மூன்று மடங்கு: ஊசியில் 10 மி.கி. செய்வதை வாய் வழியே 30 மி.கி. செய்யும். ஊசி ஸ்டாக் இல்லை, அதே மி.கி. மாத்திரையாகக் கொடுத்துவிடலாமா என்ற கேள்விக்கும், மாத்திரை அளவை அப்படியே ஊசியில் ஏற்றலாமா என்ற இன்னும் ஆபத்தான கேள்விக்கும் விடை இங்கே இருக்கிறது.

இரண்டு நிற மூடிகள்

இந்தியாவில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் புழங்குகிறது. ஒரு மி.லி.யில் 40 யூனிட் உள்ள குப்பி ஒன்று. 100 யூனிட் உள்ளது இன்னொன்று. முதலாவதுக்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, இரண்டாவதுக்கானதற்கு ஆரஞ்சு மூடி. அவசரத்தில் இரண்டும் ஒரே நிறம்போலத் தெரியும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நோயாளிக்கு 20 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அது அரை மி.லி. குப்பி 40 யூனிட் வகையாக இருந்தால் சரியாக 20 யூனிட் போகும். குப்பி 100 யூனிட் வகையாக இருந்தால்? அதே அரை மி.லி.யில் 50 யூனிட். இரண்டரை மடங்கு. நள்ளிரவில் வியர்த்து, நடுங்கி, நினைவிழக்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்க இது தாராளம். மாற்றி நடந்தால், அதாவது ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 40 யூனிட் குப்பியை இழுத்தால், 20 யூனிட் என்று நினைத்து 8 யூனிட்தான் போட்டிருப்போம். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று இரண்டு நாள் குழம்புவோம். மருந்தின் பெயரைப் படித்தால் போதாது, குப்பியில் உள்ள எண்ணைப் படித்து, சிரிஞ்சில் உள்ள எண்ணோடு பொருத்திய பிறகுதான் ஊசி குப்பிக்குள் இறங்க வேண்டும். வீட்டுக்குப் போகும் நோயாளிக்கும் இதைக் கண்ணெதிரே செய்து காட்டுங்கள். மருந்துக் கடை மாறினால் குப்பியும் மாறக்கூடும்.

‘ஒரு ஸ்பூன் கொடுத்தேன்’

காய்ச்சலுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், ‘பாராசிட்டமால் ஒரு ஸ்பூன்’ என்பார் அம்மா. அந்தப் பதிலில் மருந்தின் அளவே இல்லை. குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி., அதாவது ஒரு மி.லி.க்கு 25 மி.கி. இன்னொரு சிரப்பில் 5 மி.லி.க்கு 250 மி.கி. மூன்றும் பாராசிட்டமால், மூன்றும் இனிப்பு.

குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது ஒரு வேளைக்கான கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்று வைத்துக்கொண்டால், சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி., 125 சிரப்பில் 6 மி.லி., 250 சிரப்பில் 3 மி.லி. சிரப்புக்குச் சொன்ன 6 மி.லி.யைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் குழந்தைக்குப் போவது 600 மி.கி. அதை நாளுக்கு நான்கு முறை, மூன்று நாள் தொடர்ந்தால் கல்லீரல் தாங்காது. அதனால், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்பதற்கு முன் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். சமையலறை ஸ்பூனை ஒதுக்கிவைக்கச் சொல்லி, பாட்டிலோடு வரும் அளவு மூடியையோ துளிகுழலையோ கையில் கொடுங்கள்.

பத்து விநாடி மருந்து, பல வார மருந்து

ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம் அரை ஆயுள். இதயம் தறிகெட்டு ஓடும்போது போடும் அடினோசினுக்கு அது 10 விநாடிக்கும் குறைவு. கைவிரல் பக்கச் சிரையில் மெதுவாகச் செலுத்தினால், இதயத்தை எட்டுவதற்குள் மருந்து முடிந்துபோயிருக்கும். முழங்கைக்கு அருகே பெரிய சிரையில் ஒரே அழுத்தாக அழுத்தி, உடனே சேலைனால் தள்ளி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். சில விநாடி உயிரே போவது போல இருக்கும், உடனே சரியாகிவிடும் என்று முன்பே சொல்லிவிட்டால் நோயாளி பயப்பட மாட்டார்.

மறுகோடியில் அமியோடரோன். அதன் அரை ஆயுள் வாரக் கணக்கு. நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் உடலுக்குள் இருந்து வேறு மருந்துகளோடு சண்டை போடும்.

தைராய்டும் பில்டர் காபியும்

தைராக்சினின் அரை ஆயுள் ஏறத்தாழ 7 நாள். தினமும் ஒரே அளவு மாத்திரை சாப்பிட்டால், ஒரு அரை ஆயுளில் இறுதி அளவின் 50 சதவீதம் சேரும், அடுத்ததில் 75, பிறகு 87.5, பிறகு ஏறத்தாழ 94, ஐந்தாவதில் 97. எந்த மருந்தும் ரத்தத்தில் நிலைகொள்ள நான்கைந்து அரை ஆயுள் ஆகும் என்ற விதி இதுதான். தைராக்சினுக்கு அது ஐந்து வாரம். அளவை மாற்றிய பத்தாம் நாளே ரத்தப் பரிசோதனைக்கு ஓடினால் கிடைப்பது பாதி வழியில் எடுத்த படம். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்கு.

எழுந்ததும் காபி குடித்துப் பழகிய நம் வீடுகளில் சொல்ல வேண்டிய இன்னொன்று: மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காபி தைராக்சின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் இன்னும் மோசம். அவற்றுக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

மருந்து போன பிறகும் வேலை

ஆஸ்பிரினின் அரை ஆயுள் 15 முதல் 20 நிமிடம்தான். ஆனால் தினமும் ஒரே ஒரு வேளை கொடுக்கிறோமே? ரத்தத் தட்டணுவைத் தொட்டதும் ஆஸ்பிரின் அதன் நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. புதிய நொதியைச் செய்துகொள்ள அதற்கு வழியில்லை. அந்தத் தட்டணு இறக்கும் வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை, முடக்கம் நீடிக்கும். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் ‘இன்று மாத்திரை போடவில்லை’ என்று நோயாளி சொன்னால், கடைசியாகப் போட்டது எந்தத் தேதி என்று கேட்டு எழுதிவையுங்கள்.

கனவில் வந்த தவளை

நரம்பு இதயத்தோடு எப்படிப் பேசுகிறது, மின்சாரத்தாலா வேதிப்பொருளாலா என்ற கேள்விக்கு ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானிக்கு விடை கனவில் வந்தது. தூக்கக் கலக்கத்தில் அதைக் கிறுக்கிவைத்தார். காலையில் தன் கையெழுத்தே புரியவில்லை. அடுத்த இரவு அதே கனவு மீண்டும் வர, இந்த முறை எழுந்து நேராக ஆய்வகத்துக்குப் போய்விட்டார். துடித்துக்கொண்டிருந்த ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு தணிந்தது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து, நரம்பே இல்லாத இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் தணிந்தது! 1921இல் வெளிவந்த இந்த ஆய்வில் அகப்பட்ட பொருள்தான் அசிட்டைல்கோலின். 1936இல் ஹென்றி டேலோடு சேர்த்து லோவிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தத் தவளைக்கும் நம் மாவட்ட மருத்துவமனை ஐ.சி.யூ.வுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வயலுக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் மருந்து உடலில் புகுந்தால், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி முடங்கும். அசிட்டைல்கோலின் குவியும். எச்சில் ஒழுகும், வியர்வை கொட்டும், கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், நாடி தளரும். எல்லாவற்றுக்கும் மேலாக மூச்சுக்குழாய்க்குள் நீர் சுரந்து நோயாளி தன் நுரையீரலுக்குள்ளேயே மூழ்குவார். மாற்று, அட்ரோபின்.

சாதாரணமாக 0.6 மி.கி. ஆம்பூல் ஒன்றோடு முடியும் அட்ரோபின், இங்கே ஆம்பூல் ஆம்பூலாக உடைபடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முந்தைய அளவை இரட்டிப்பாக்குவார்கள். புதிதாக வரும் மாணவிக்கு இதைப் பார்த்துக் கை நடுங்கும். அட்ரோபினும் அசிட்டைல்கோலினும் ஒரே ஏற்பிக்காகப் போட்டி போடுபவை. எதிராளி கூட்டமாக வந்திருக்கும்போது நாமும் கூட்டமாகத்தான் போக வேண்டும். அளவு என்பது புத்தகத்தில் மட்டும் இல்லை, எதிரில் யார் இருக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. எப்போது நிறுத்துவது? பாவை விரிவதற்காகக் காத்திருக்காதீர்கள், அது தாமதமாகும். ஸ்டெதஸ்கோப்பில் நெஞ்சு தெளிவாகக் கேட்கிறதா, நாடி 80க்கு மேல் வந்ததா, பி.பி. நிற்கிறதா என்று பாருங்கள். நோயாளி பிதற்றி, உடல் கொதித்து, வயிற்றில் சத்தமே இல்லாமல் போனால் அட்ரோபின் அதிகமாகிவிட்டது.

திரும்பி வரும் மயக்கம்

மார்பின் அதிகமாகி மூச்சு தளர்ந்தவருக்கு நாலாக்சோன் கொடுத்தால் இரண்டே நிமிடத்தில் கண் விழிப்பார். ஏற்பியில் உட்கார்ந்திருந்த மார்பினைத் தள்ளிவிட்டு நாலாக்சோன் அந்த இடத்தில் அமர்கிறது. ஆனால் அது அங்கே இருப்பது முக்கால் மணியோ ஒன்றரை மணியோதான். மார்பின் அதைவிட நீண்ட நேரம் ரத்தத்தில் சுற்றும். நாலாக்சோன் இறங்கியதும் காலியான இருக்கையில் மார்பின் மறுபடி ஏறும். விழித்துவிட்டார் என்று கட்டிலை விட்டு நகராதீர்கள்.

முதலில் மறைவது முழங்கால்

கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தால் மக்னீசியம் சல்பேட். உயிர் காக்கும் மருந்து, ஆனால் அளவு மீறினால் மூச்சை நிறுத்திவிடும். நல்லவேளை, மூச்சு நிற்பதற்கு முன்பே உடல் ஓர் எச்சரிக்கை தருகிறது: முழங்காலுக்குக் கீழே தட்டினால் துள்ள வேண்டிய கால் துள்ளாது. ஒவ்வொரு வேளைக்கும் முன் மூன்று கேள்விகள். கால் துள்ளுகிறதா? மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா? சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது இறங்குகிறதா? மக்னீசியம் வெளியேறும் வழி சிறுநீரகம் மட்டும்தான், அது அடைபட்டால் சரியான அளவும் அதிக அளவாகிவிடும். எதிர்மருந்தான கால்சியம் குளுக்கோனேட் ஆம்பூல் மருந்து அலமாரியில் இருந்தால் பயனில்லை, கட்டில் பக்கத்து டிரேயில் இருக்க வேண்டும்.

ஒரே வரி

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை ஒருபோதும் நேராகச் சிரையில் அழுத்தக் கூடாது. டிரிப்பில் நன்றாகக் கலந்து, நேரம் பார்த்து, மெதுவாக.

சிறுநீரிலிருந்து பென்சிலின்

1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் கிருமித் தொற்றால் சாகக் கிடந்த ஒரு காவலருக்குப் பென்சிலின் போட்டார்கள். ஆச்சரியப்படும் அளவுக்குத் தேறினார். கையிருப்போ மிகச் சொற்பம். சிறுநீரகம் பென்சிலினை உருமாறாமலே வேகமாக வெளியேற்றிவிடும் என்பதால், அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து மருந்தைப் பிரித்து மறுபடி அவருக்கே ஏற்றினார்கள். அப்படியும் தீர்ந்துபோனது. மார்ச் மாதம் அவர் இறந்தார்.

பென்சிலினின் அரை ஆயுள் அரை மணி நேரம்தான். பிறகு எப்படி, ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுகிறோம்? அது பென்சதீன் பென்சிலின். எளிதில் கரையாத உப்பு. தசைக்குள் கட்டியாகத் தங்கி, நாளுக்குக் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் சேரும். கரையாத அந்தக் குணத்தால்தான் கலக்கும்போது பால்போல இருக்கிறது, மெல்லிய ஊசியில் அடைக்கிறது, போட்ட இடம் இரண்டு நாள் வலிக்கிறது. தப்பித்தவறிக் கூட சிரையில் போடக் கூடாத மருந்து இது.

சேத்துப்பட்டிலிருந்து உலகுக்கு

காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்த காலம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் ஒரு துணிச்சலான கேள்வி கேட்டது: நெருக்கமான ஏழைக் குடியிருப்பில், வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டால் குணமாகாதா? நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்த சானடோரிய நோயாளிகளுக்கு இணையாக வீட்டு நோயாளிகளும் தேறினார்கள் என்று 1959இல் வெளியான முடிவு, உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட வழி செய்தது. அந்த மையம் இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக நிற்கிறது.

அங்கே கிடைத்த இன்னொரு பாடம் மருந்தியலுக்கு உரியது. ஒரே அளவு ஐசோனியசிட் கொடுத்தாலும் சிலர் உடலில் வேகமாகச் சிதைகிறது, சிலருக்கு மெதுவாக. கல்லீரல் நொதி ஒன்று பிறவியிலேயே இருவகையாக அமைவதுதான் காரணம். தென்னிந்திய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் மெதுவகை. மருந்து தேங்கும் இவர்களுக்குக் கால் மரத்துப்போகவும் பாதம் எரியவும் வாய்ப்பு அதிகம். பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6, சேர்த்துக் கொடுப்பது அதற்காக.

கூடவே கொடுக்கும் ரிபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள். கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிட்டுப் பிற மருந்துகளை விரைவாக அழிக்கவும் செய்யும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு வேறு முறை வேண்டும் என்பதை யாராவது சொல்லியே ஆக வேண்டும்.

வாரம் ஒருமுறை

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்ரகடா சுப்பாராவின் ஆய்வுக்குழுவிலிருந்து வந்த மருந்துகளில் ஒன்று மெத்தோட்ரெக்சேட். யானைக்கால் நோய்க்கான டை எத்தில் கார்பமசீனும் அந்தக் குழுவின் கொடைதான். மெத்தோட்ரெக்சேட்டை மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும்போது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். பழக்க தோஷத்தில் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. சீட்டில் ‘வாரம் ஒருமுறை’ என்று மட்டும் எழுதாமல், எந்தக் கிழமை என்றும் எழுதிக் கொடுங்கள். செவ்வாய் என்றால் செவ்வாய்.

இடிக்கக் கூடாத மாத்திரைகள்

ரைல்ஸ் ட்யூப் போட்டிருக்கிறதே என்று எல்லா மாத்திரையையும் உரலில் இட்டு இடித்துவிடாதீர்கள். பான்டோபிரசோல் மாத்திரையின் மேலுறை இரைப்பை அமிலத்திலிருந்து மருந்தைக் காப்பாற்றுகிறது. இடித்தால் அமிலத்தைக் குறைக்க வந்த மருந்தை அமிலமே அழிக்கும். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல். போன்ற எழுத்துகள் இருந்தால் நாள் முழுக்கச் சிறிது சிறிதாகக் கசிய வேண்டிய மருந்து அது. பொடித்தால் ஒரு நாள் மருந்தும் ஒரே மணியில் இறங்கும்.

கீரையை நிறுத்தாதீர்கள்

செயற்கை வால்வு பொருத்தியவர் வார்பரினோ அசினோகூமராலோ சாப்பிடுவார். இந்த மருந்துகள் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து ரத்தம் உறைவதைக் குறைப்பவை. கீரையில் வைட்டமின் கே ஏராளம். அதனால் ‘கீரையே தொடாதே’ என்று சொல்லி அனுப்புகிறோம். சத்துக் குறைவதுதான் மிச்சம். வாரத்துக்கு இரண்டு நாள் கீரை சாப்பிடுபவர் அப்படியே சாப்பிடட்டும். ஒரு வாரம் ஒன்றுமில்லாமல், அடுத்த வாரம் தினமும் என்று தாவுவதுதான் ஆபத்து.

சத்து என்றதும் இன்னொன்று: கர்ப்பிணிக்குத் தரும் சிவப்பு இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கினால் பெரும்பகுதி வீண். எலுமிச்சைச் சாறு குடித்தால் நல்லது.

குடித்தது மருந்தல்ல, கரைப்பான்

1937இல் அமெரிக்காவில் சல்பனிலமைடைத் திரவமாக்கக் கரைப்பானாக டை எத்திலீன் கிளைகாலைச் சேர்த்தார்கள். குழந்தைகள் உட்பட நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்து குற்றமற்றது; கொன்றது அதைச் சுமந்து வந்த திரவம். 88 ஆண்டுகள் கழித்து, 2025இல், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் அதே நஞ்சு இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் மடிந்தார்கள். எழுதும்போதே நெஞ்சு கனக்கிறது. சிரப் குடித்த குழந்தைக்குத் திடீரென்று சிறுநீர் குறைந்தால், பாட்டிலைத் தூக்கி எறிய விடாதீர்கள். மருந்தின் பக்கவிளைவுகளைத் தெரிவிக்கும் தேசியத் திட்டத்தின் படிவத்தை டாக்டர்தான் நிரப்ப வேண்டும் என்பதில்லை, செவிலியரும் நிரப்பலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024.

ஒரு முழு நிமிடம்

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு மூதாட்டி, உடல் நீர்கோத்து வீங்கியவர்களுக்கு இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்த்த குடும்ப மருந்தொன்றைக் கொடுத்துவந்தார். அதில் வேலை செய்வது பாக்ஸ்குளோவ் என்ற பூச்செடி மட்டுமே என்று கண்டவர் மருத்துவர் வில்லியம் வித்தரிங். பத்தாண்டு நோயாளிகளைக் கவனித்து, எந்த அளவில் வீக்கம் வடிகிறது, எந்த அளவில் வாந்தி வருகிறது, பார்வை மஞ்சளாகிறது, நாடி தளர்கிறது என்று குறித்துவைத்து 1785இல் நூலாக வெளியிட்டார். அந்தச் செடியின் உறவுக்காரச் செடியிலிருந்துதான் இன்றைய டிகாக்சின் வருகிறது. மாத்திரையில் இருப்பது 0.25 மி.கி., கால் மில்லிகிராம். குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. நீர்மாத்திரையால் பொட்டாசியம் குறைந்தால் இன்னும் சுருங்கும்.

அதனால் காலை மருந்து வேளையில், டிகாக்சின் உள்ள கட்டிலுக்கு வந்ததும் டிராலி நிற்கும். மணிக்கட்டில் பதினைந்து விநாடி பார்த்து நான்கால் பெருக்குவது இங்கே கிடையாது. ஸ்டெதஸ்கோப்பை இதயத்தின் நுனியில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக அறுபது விநாடி எண்ண வேண்டும். எண்ணிக்கை 60க்குக் கீழே இருந்தால் மாத்திரை அட்டையிலேயே இருக்கும். டாக்டருக்குப் போன் போகும்.